நாலாம் கட்டியின் அடிப்பக்கம்

மே மாதம் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, பத்துக் கண்ணாடிக் கட்டிகள் பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பெட்டியைப் பிரித்து, எண்ணி, வரவுப் பதிவேட்டில் ஏற்றி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியதும் நான். சாவி என் கைப்பையில் இருக்கும். ஒன்று காணாமல் போனாலும் மாறிப்போனாலும் கேள்வி முதலில் என்னிடம்தான் வரும்.

எங்கள் ஆய்வகம் கரிக்கலாம்பாக்கம் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளம். மாடியில் தமிழ்க்குமரன் சார் குடியிருக்கிறார். வெளிமாநிலத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்று வந்து இதைத் தொடங்கியவர் அவர். வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். கடிதங்களும் பதிவேடுகளும் என் பொறுப்பு. என் பெயர் செல்வகுமாரி, பாகூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறேன். பெருக்கித் துடைத்து டீ போடுவது கலியம்மாள். அளவெடுப்பது ஜெயசீலன். இருபத்தெட்டு வயது, பாலிடெக்னிக் படித்தவன், சோரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் வருவான்.

என்ன அளவு என்று பஸ்ஸில் கூட வருகிறவர்கள் கேட்பார்கள். நான் இப்படித்தான் சொல்வேன். சோப்புக்கட்டியில் பாதி இருக்கும் கண்ணாடி. அதன் மேல்பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மெல்லிய கிரிஸ்டல் ஒன்றை ஒட்டி மின்சாரம் கொடுத்தால், அது நொடிக்குப் பத்துக் கோடி தடவை அதிரும். அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது, நாயின் காதுக்கும் எட்டாது. அது கண்ணாடிக்குள் இறங்கி, அடிப்பக்கத்தில் மோதித் திரும்பி, மேலே முட்டி மறுபடியும் இறங்கும். ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் திரையில் ஒரு கோடு எழும்பும். முதல் கோடு உயரம். அடுத்தது கொஞ்சம் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. எவ்வளவு சீக்கிரம் குட்டையாகிறதோ, கண்ணாடி அவ்வளவு சத்தத்தை விழுங்குகிறது என்று அர்த்தம். சார் இதை ஒலி மெலிவு என்பார். ஜெயசீலன் லாஸ் என்பான். கட்டிகளை அளந்து தரச் சொல்லி அனுப்புகிற பெங்களூர்க்காரர்களுக்கு வேண்டியது குறைவாக விழுங்குகிற கண்ணாடி.

கண்ணாடியின் மேல் எதையும் எழுதக் கூடாது. அதனால் எண்ணைச் சுற்றிவரும் காகிதத்தில்தான் பென்சிலால் போட்டிருப்பார்கள். காகிதத்தைப் பிரித்துவிட்டால் ஒன்றாவது எது, ஒன்பதாவது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அளவெடுக்கும் அறையின் சுவரில் சார் சொல்லி நான் டைப் அடித்து ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாவது வரி: 'கட்டியை ஓரத்தில் மட்டும் பிடிக்கவும். அடிப்பக்கத்தில் எதுவும் படக் கூடாது.' ஏன் என்று நான் கேட்டதில்லை. டைப் அடிக்கக் காரணம் தெரிய வேண்டியதில்லை.

ஜெயசீலன் மூன்று வருடமாகத் தற்காலிகத்தில் இருந்தான். இந்தப் பத்துக் கட்டிகளும் தகராறு இல்லாமல் திரும்பிப் போனால் ஜூன் முதல் தேதியிலிருந்து நிரந்தரம் என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆர்டரை வரைவாக அடித்து என் கணினியில் வைத்திருந்தேன். தேதி மட்டும் போட வேண்டும்.

எட்டாம் தேதி புதன்கிழமை முதல் சுற்று முடிந்தது. ஒவ்வொரு கட்டியிலும் நடுவில் ஓர் இடத்தில் அளவு. பத்தில் நாலாம் கட்டிதான் முதலிடம். சென்டிமீட்டருக்கு ஒன்று புள்ளி இரண்டு டெசிபல். சார் கூட, "இது நல்ல கண்ணாடிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஐந்து இருபதுக்கு நான் கைகழுவப் போனபோது அளவெடுக்கும் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜெயசீலன் மேசையருகே முதுகு காட்டி நின்றான். கையில் ஒரு கண்ணாடிக் கட்டி. அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தான். நான் ஓசைப்படாமல் திரும்பி வந்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். பத்து இருந்தது.

பத்து இருந்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்பது இருந்திருந்தால் உடனே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். பத்தும் இங்கே இருந்தால் பையில் போனது எது? வேறொன்றை இங்கே வைத்துவிட்டு நல்லதை எடுத்துப் போயிருந்தால்? காகிதத்தில் இருக்கிற பென்சில் எண்ணா எனக்குச் சாட்சி?

மறுநாள் கலியம்மாளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஜெயசீலன் காலையில எத்தினி மணிக்கு வருது?"

"எட்டு, எட்டேகாலுக்கெல்லாம் வந்துடும் அந்தப் புள்ள. இன்னாம்மா, மெடல் குத்தப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன். வந்து இன்னா பண்றான்?"

"மெசின போட்டுக்கினு குந்திக்கினு இருக்கும். நான் தொடப்பத்தோட போனா கால ரெண்டையும் மேல தூக்கிக்கும். அதுக்கு மேல எனக்கின்னா தெரியும்? வேணும்னா அதையே கேளுங்க."

கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு நான் வருவதற்கு முன் ஒன்றேகால் மணி நேரம் தனியாக இருக்கிறான். போன வாரம் போனில் யாரிடமோ, "பீஸ் சூப்பரா வந்துருக்குண்ணா, ஞாயித்துக்கெழம எடுத்தாறேன், நீயே பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அன்று அது ஒன்றும் இல்லாத பேச்சாக இருந்தது. இப்போது அதுவும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் அப்பா டேனியல் எங்கள் நிலத்தில் அறுப்புக்கு வந்தவர். களத்தை விட்டுப் போகும்போது ஆட்கள் துண்டையும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுப் போவார்கள். என் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். சில நாள், "நீ பாத்துக்க, நான் சாப்ட்டு வரேன்" என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் போவார். எனக்கு அப்போது பத்து வயது. அது அன்றைய வழக்கம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ பாத்திரம் இரவல் கொடுத்தால் அடியில் பொட்டு வைத்துத்தான் கொடுப்போம். பேர் வெட்டின பாத்திரம்கூட மாறிப்போகும், செ. என்று போட்ட வீடு தெருவுக்கு நாலு இருக்கும். அடியில் வைத்த நகப்பாலிஷ் பொட்டை யாரும் பார்ப்பதில்லை. திரும்பி வந்ததும் கவிழ்த்துப் பார்த்தால் நம்முடையதா இல்லையா என்று தெரிந்துவிடும். தை மாதம் என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போன நாலு தவலையும் அப்படித்தான் என்னிடம் திரும்பி வந்தன.

வியாழக்கிழமை பகல் ஒன்று நாற்பது. சார் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெயசீலன் கடைக்குப் போயிருந்தான். கலியம்மாள் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாலாம் கட்டியை எடுத்தேன். ஓரத்தில் சின்னச் சரிவு வெட்டியிருக்கிற பக்கம் மேல்பக்கம் என்பது எனக்குத் தெரியும். கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒரு மூலையில், மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தேன். என் மகளுடைய பாலிஷ், நிறமில்லாதது. ஜெயசீலன் மேசையிலும் அதுபோல ஒரு பாட்டில் உண்டு, கிரிஸ்டலின் மெல்லிய ஒயர்கள் ஒன்றோடொன்று படாமல் இருக்கத் தடவுவான். அதை நான் தொடவில்லை. பாட்டிலில் கொஞ்சம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன். ஊதிக் காயவைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். சுவரில் ஒட்டின மூன்றாவது வரி நினைவுக்கு வரத்தான் செய்தது. அது அளவெடுக்கிறவர்களுக்கான விதி, நான் அளவா எடுக்கிறேன் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அத்தோடு சத்தம் போவது நடுவில்தானே, மூலைக்கு என்ன வந்தது?

வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டாம் சுற்றில் நடுவோடு நான்கு மூலைகளிலும் அளவெடுக்க வேண்டும், கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அச்செடுத்து, நாற்பத்தேழு என்று எண் போட்டு, சார் மேசையில் வைத்தது நான்தான். வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஜெயசீலன் படியேறிப் போய் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் எழுந்து கதவருகே போனேன்.

"நடுவுல ஒண்ணு புள்ளி ரெண்டு சார். மூணு மூலையிலயும் அதேதான். இந்த ஒரு மூலை மட்டும் ஒண்ணு புள்ளி ஒம்போது காட்டுது."

"ஒட்டினது சரியில்லாம இருக்கும். எடுத்துட்டு மறுபடி ஒட்டு."

"மூணு தபா ஒட்டிட்டன் சார்."

கிரிஸ்டலை ஒட்டுவதற்குச் சலால் என்று ஒரு வெள்ளைப் பொடி. நாற்பத்திரண்டு டிகிரியில் உருகும், ஆறினால் இறுகும். மே மாதத்தில் ஏசி நின்றால் ஒட்டினது விட்டுவிடும். அதனால் ஏசியைப் பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார், கடைசியில் கண்ணாடியையே பார்த்தார் சார்.

"போன வாரம் இதானே பெஸ்ட்டுன்னு சொன்னோம்? இது அதே கட்டிதானா?"

ஜெயசீலன் பென்சில் எண் போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"என் கையில மாறல சார்" என்றேன். 'என்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். ஜெயசீலன் திரும்பி என்னைப் பார்த்தான். சார் கவனிக்கவில்லை. ஒரு மூலையில் அளவு வேறாக வருகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்று மாலையே பெங்களூருக்கு மெயில் போட்டுவிட்டார்.

ஐந்தரைக்குக் கட்டி என் கைக்கு வந்தது. எல்லோரும் போகும்வரை காத்திருந்து காகிதத்தைப் பிரித்துக் கவிழ்த்தேன். சாய்த்துப் பிடித்ததும் பொட்டு மின்னியது. நான் வைத்த அதே மூலை, அதே மிளகு அளவு.

அப்படியானால் கட்டி மாறவில்லை. அந்த நிமிடமே படியேறிப் போய்ச் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கட்டியைப் பூட்டிவிட்டு ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தேன். பாகூர் ஏரிக்கரை திரும்புவதற்குள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். மாற்றவில்லை என்றால் கீழே போட்டிருப்பான். மூலை அடிபட்டு உள்ளே விரிசல் விட்டிருக்கும், மறைக்கிறான். பையில் போனது எது என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லையே? என் பொட்டு இருந்த மூலையும் அளவு கெட்ட மூலையும் ஒன்று என்பதை நான் ஒருமுறைகூட ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்தரை மணி இருக்கும். உள்ளேயிருந்து ஜெயசீலன் குரல் கேட்டது.

"சார், ஒரு நிமிசம் வாங்களேன். இது கண்ணாடிக்குள்ள இல்ல."

நான் போனபோது திரையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பத்துக் கோடியிலேருந்து ஆறு கோடிக்கு எறக்கினன் சார். கண்ணாடியே சத்தத்த முழுங்குதுன்னா, அதிர்வு கொறஞ்சா முழுங்கறதும் நல்லா கொறையணும். நடுவுல கொறஞ்சுது. இந்த மூலையில அதிகமா இருந்தது மட்டும் அப்டியே நிக்குது. அதனால உள்ள போகல. போய் மோதற எடத்துல, ஒவ்வொரு தபா மோதறப்பவும் கொஞ்சம் கொஞ்சம் ஒழுகுது. அடியில இன்னாவோ ஒட்டியிருக்கு."

கட்டியைப் பிடிப்பிலிருந்து கழற்றி, ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். பொட்டு மின்னியது.

அவன் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. அடிப்பக்கத்தில் வெறும் காற்று இருந்தால் சத்தம் முழுவதும் திரும்பும். பாலிஷ் இருந்தால் அதற்குள் கொஞ்சம் இறங்கி அங்கேயே செத்துப்போகும். மூன்றாவது வரிக்குக் காரணம் அதுதான். விரல்களைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். நகத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சுற்றிக்கொண்டேன்.

டீ கொண்டுவந்த கலியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நகப்பாலிசு மாதிரி கீதே சார்."

சாரின் கண் ஜெயசீலனின் மேசைக்குப் போனது. அங்கே பாட்டில் இருந்தது.

"ஏன்டா, இதுக்குத்தான் மூணு வருசமா ஒனக்குச் சொல்லிக் குடுத்தனா? அடியத் தொடாதன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு, கண்ணு தெரியலையா?"

"நான் அடியத் தொடல சார். கட்டி பிடிப்புல இருக்கறப்ப அந்த பாட்டில தொறக்கவே மாட்டன்."

"அப்ப அதுவா நடந்து வந்து ஒட்டிக்கிச்சா?"

ஜெயசீலன் பாலிஷை அசிட்டோனில் துடைத்தான். மறுபடி ஒட்டி அளந்தான். ஒன்று புள்ளி இரண்டு வந்தது. அது நல்ல செய்திதான். ஆனால் பெங்களூருக்கு மெயில் போய்விட்டதே, என்ன நடந்தது என்று எழுதித்தானே ஆக வேண்டும்? சார் என் மேசைக்கு வந்து, நின்றபடியே இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அடித்தேன். டெக்னீஷியனின் கவனக்குறைவால் அடிப்பக்கத்தில் பாலிஷ் பட்டுவிட்டது, துடைத்து அளந்ததில் கண்ணாடி குறையில்லாதது என்று தெரிகிறது, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

"அந்த நிரந்தர ஆர்டர இப்ப எடுக்க வேணாம். டிசம்பர்ல பாக்கலாம், அப்பவும் எனக்கு மனசு வந்தா" என்றார். ஜெயசீலன் அசிட்டோன் பஞ்சும் கையுமாகக் கதவருகே நின்றிருந்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். திறந்து சொன்னது இது:

"சார், இன்னொரு விசயம். எட்டாந் தேதி சாயங்காலம் ஜெயசீலன் ஒரு கட்டியத் துணியில சுத்தி பையில வச்சத நான் பாத்தேன்."

இதை ஏன் அப்போது சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவன் மேல் ஏதோ ஒரு குற்றமாவது நிஜமாக இருந்துவிட்டால் என் பொட்டு சிறிதாகிவிடும் என்று நினைத்திருப்பேன்.

சார் நெற்றியைச் சுருக்கினார். அப்புறம், "ஓ, அதுவா? டேய் சீலா, அத எடுத்தா" என்றார்.

ஜெயசீலன் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். டிபன் பாக்ஸை எடுத்தான், தண்ணீர் பாட்டிலை எடுத்தான், வேட்டித் துணியைப் பிரித்தான். உள்ளே ஒரு கண்ணாடிக் கட்டி. நம்முடையதைவிடப் பச்சை. ஓரங்கள் கோணல்மாணல். எந்தக் குருடனுக்கும் வித்தியாசம் தெரியும்.

"இது வில்லியனூர்ல முத்துசாமின்னு ஒரு அண்ணன் கண்ணாடிக் கட வச்சிருக்காருக்கா. ஒடஞ்ச டேபிள் கண்ணாடியில ஒரு துண்டு குடுத்தாரு. வூட்ல நானே தட்டு மேல பொடி போட்டுத் தேச்சன், நாலு மாசமா. மேல் கீழ் ரெண்டும் இம்மி பெசகாம ஒரே மட்டமா வரணும், இல்லன்னா சத்தம் நேரா திரும்பாது. எங்கம்மா, இன்னாடா தெனம் அம்மி அரைக்கறன்னு கேக்குது."

"நான்தாம்மா செய்யச் சொன்னேன்" என்றார் சார். "காலையில சீக்கிரம் வந்து நம்ம மெசின்ல போட்டுப் பாத்துக்கடான்னும் நான்தான் சொன்னேன். கட்டி செய்யறவனுக்குத்தான் அளக்கத் தெரியும். ஏன், இத ஒரு வாரமா மனசுல வச்சிக்கினா இருந்தீங்க?"

"லாஸ் எக்கச்சக்கம்க்கா" என்றான் ஜெயசீலன், கண்ணாடியைத் திருப்பியபடி. "மூணாவது எதிரொலியே தெரியாது. சாதாக் கண்ணாடிதானே." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அதைத் துணியில் சுற்றினான்.

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கடிதம் திரையில் இருந்தது. இணைப்பு ஒன்று, அளவுகள். இணைப்பு இரண்டு, கட்டிகள் கைமாறின பதிவேட்டின் நகல். பெங்களூர்க்காரர்கள் எப்போதும் கேட்பது அது. நகல் எடுக்கப் பதிவேட்டைத் திறந்தேன். நாலாம் கட்டி: எட்டாம் தேதி மாலை அலமாரிக்குள், பதினாலாம் தேதி காலை வெளியே. நடுவில் யாருடைய கையெழுத்தும் இல்லை. ஒன்பதாம் தேதி பகல் ஒன்று நாற்பதுக்கு நான் எடுத்ததை நான் ஏற்றவில்லை. இருபத்திரண்டு வருடம் மூன்று இடங்களில் பதிவேடு எழுதியிருக்கிறேன். எடுத்து எழுதாமல் விட்ட ஒரே வரி அது.

கவனித்துப் படிக்கிற யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் என் அலமாரியைத்தான் சந்தேகப்படுவார்கள் என்ற பயம் வந்தது. அவன் ஏற்கெனவே என்னைக் கண்டுபிடித்துவிட்டு, நானே மாட்டிக்கொள்ளட்டும் என்று சும்மா இருக்கிறானோ என்றும் தோன்றியது. அப்போதும் சந்தேகம்தான். டிசம்பர் என்று சார் சொன்னபோது அவன் கை அசிட்டோன் பஞ்சை விடாமல் பிடித்திருந்ததும் நினைவுக்கு வந்தது. பயத்தால் செய்தேனா, நியாயத்தால் செய்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதிவேட்டில் விடுபட்ட வரியைச் சிவப்பு மையில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன். கடிதத்தில் ஒரு வாக்கியத்தை அழித்துவிட்டு, இந்த அலுவலகத்தின் எழுத்தர் செல்வகுமாரி ஒன்பதாம் தேதி அடையாளத்துக்காக வைத்த பாலிஷ்தான் காரணம், டெக்னீஷியனுக்கு இதில் பங்கில்லை, கண்டுபிடித்துச் சரிசெய்தவர் அவரே என்று அடித்தேன். அச்செடுத்து உள்ளே கொண்டுபோனேன்.

சார் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்களா?"

"ஆமா சார்."

"அந்தத் தாள டைப் அடிச்சதே நீங்கதானே? எதுக்கு வச்சீங்க?"

"அடையாளத்துக்கு சார்."

"எதுக்கு அடையாளம்?"

மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஜெயசீலன்தான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அளவு படிப்பது போலச் சொன்னான்.

"நான் மாத்திடுவன்னு சார்."

சார் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆர்டருக்கு ஜூன் ஒண்ணுன்னே தேதி போட்டு எடுத்தாங்க" என்றார். அப்புறம், "அலமாரிச் சாவிய அவன் கிட்ட குடுத்துடுங்க" என்றார். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"ஜெயசீலா, நான் தப்பா..." என்று தொடங்கினேன்.

"பரவால்லக்கா" என்றான். "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்பன். அவ்ளோதான்."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கட்டிகள் பத்தும் திரும்பிப் போயின. பெங்களூரிலிருந்து நல்ல பதில் வந்தது. புதுக் கட்டிகள் வந்தால் எண்ணுவதும் பூட்டுவதும் இப்போது ஜெயசீலன். என்னிடம் எதுவும் இல்லை, பதிவேடு மட்டும்தான்.

ஆனால் அந்தப் புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரைக்கு அவன் கிளம்பும்போது நேராக வாசலுக்குப் போவதில்லை. என் மேசைக்கு வந்து பையை வைக்கிறான். ஜிப்பைத் திறக்கிறான். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சில நாள் வேட்டித் துணியில் அந்தப் பச்சைக் கண்ணாடி. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்து ஒரு உதறு உதறுகிறான்.

முதல் நாள், "இதெல்லாம் இன்னாத்துக்குப்பா, வேணாம்" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. பாத்துக்கங்க."

இரண்டாம் நாள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நின்றான். கலியம்மாள் தொடப்பத்தை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். வெளியே என் வழக்கமான ஐந்தே முக்கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் நகரவில்லை.

"சாவியே உன்கிட்டதானேடா இருக்கு" என்றேன்.

"ஆமாங்க்கா. நீங்க பாருங்க."

பார்த்தேன். "பாத்துட்டேன்" என்றேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். ஜூன் போய் ஜூலையும் வந்துவிட்டது. நான் பார்த்தேன் என்று வாயால் சொல்கிறவரை அவன் ஜிப்பை இழுப்பதில்லை.